திருவொற்றியூர் தூசியும் 87-இல் ஒரு பங்கு இன்ஜினும்

போன வருஷ டெக் ஃபெஸ்ட்டில் ஒரு குட்டி ரயில் டேபிளைச் சுத்திச் சுத்தி ஓடினதைச் சிலர் பார்த்திருப்பீங்க. அது என்னோடது. வெள்ளையில் சிவப்புப் பட்டை போட்ட வாப்-7 இன்ஜின். எல்லாரும் "சூப்பர் மச்சி"ன்னு வீடியோ எடுத்துட்டுப் போனாங்க. யாரோ ஒரு ஜூனியரோட தாத்தா மட்டும் குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார். ரயில்வேயில் வேலை செஞ்சு ரிடையர் ஆனவராம். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது எந்த ஷெட்டு வண்டிப்பா?"

பதில் இல்லை. வண்டியில் நம்பர் இல்லை, ஷெட் பேர் இல்லை, கைப்பிடி இல்லை, ஒரு துளி அழுக்குகூட இல்லை. பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே ஓட விட்டிருந்தேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடின வண்டி மாதிரி இல்லையே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஏழு மாசம் ஆச்சு. அதில் கத்துக்கிட்டதைத்தான் இங்க பாடமா எழுதுறேன்.

1. முதல்ல கணக்கு

நாம பேசுவது ஹெச்.ஓ. அளவு. அதாவது 1:87. நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாடலில் 1 மில்லிமீட்டர்.

வாப்-7 இன்ஜின் பஃபர் முதல் பஃபர் வரை 20,562 மி.மீ. மாடலில் 236 மி.மீ. வரணும். புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மி.மீ., அது 12.6 ஆகும். ஐ.சி.எஃப். பெட்டி 21,337 மி.மீ., அது 245. நிலக்கரி ஏத்துற பாக்ஸ்-என் வேகன் 10,713 மி.மீ., அது 123. ஸ்கேலை எடுத்து உங்க மாடலை அளந்து பாருங்க. எங்கே குறையுதுன்னு உடனே தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ., அதாவது ஐரோப்பிய, அமெரிக்க அகலம். நம்ம பிராட் கேஜ் 1,676 மி.மீ. சரியா வைக்கணும்னா 19.3 மி.மீ. வேணும். நம்ம ஊர் ஆட்கள் பெரும்பாலும் தண்டவாளத்தை அப்படியே விட்டுட்டு, உடம்பை மட்டும் சரியான அளவில் வைப்பாங்க. பக்கவாட்டில் பார்க்கும்போது இந்தக் குறை தெரியாது. நேர் முன்னால நின்னு பார்த்தால்தான் வண்டி கொஞ்சம் ஒடுங்கின காலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இதே 87-ஐ பெயின்ட்டுக்கும் போட்டுப் பாருங்க. பெயின்ட் படலம் 0.1 மி.மீ. கனமா உட்கார்ந்தால், நிஜ வண்டியில் அது 8.7 மி.மீ. தடிப்பு! ரிவெட், கதவு இடுக்கு, ஜன்னல் ஓரம் எல்லாம் மூழ்கிடும். மெல்லிசா அடிங்கன்னு எல்லாரும் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

2. வண்டியைப் பார்க்கக் கத்துக்கங்க

பிரஷ்ஷை எடுக்கும் முன் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. எங்க ஊர் வழியா கும்மிடிப்பூண்டி லோக்கலும் போகும், வடக்கே போற எக்ஸ்பிரஸும் போகும், சரக்கு ரேக்கும் போகும். பிளாட்பாரத்தில் இருந்தபடியே பாருங்க. தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். மேலே ஓடுவது 25,000 வோல்ட். பழைய வண்டிகளை நிதானமா அளந்து பார்க்கணும்னா ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் சென்னை ரயில் அருங்காட்சியகம் நல்ல இடம்.

எதைப் பார்க்கணும்? ஒண்ணு, எங்கே அழுக்கு இருக்கு. ரெண்டு, அது எதனால வந்த அழுக்கு. கூரையில் கருஞ்சாம்பல் படிஞ்சிருக்கும். பேன்டோகிராஃபின் கரித்துண்டு மின்கம்பியில் தேய்ஞ்சு உதிர்ந்த தூள் அது. சக்கரத்துப் பக்கம் துருப் பழுப்பு. அது பிரேக்கில் இருந்தும் தண்டவாளத்தில் இருந்தும் கிளம்புற தூசி. பக்கவாட்டில் மழைத்தண்ணி இறங்கின கோடுகள். முன் கண்ணாடியில் வைப்பர் துடைச்ச அரைவட்டம் மட்டும் பளிச்.

அப்புறம், எந்த வருஷம்னு முடிவு பண்ணுங்க. இது வடசென்னைக்கு ரொம்ப முக்கியம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாண்ட காலத்தில் ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகூடக் கறுக்கும். 2011-இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு நிலக்கரி எண்ணூருக்குப் போச்சு. தூசியும் கூடவே வடக்கே நகர்ந்தது. ஆக, நீங்க 2008-ஆம் வருஷ ராயபுரத்தைச் செய்தால் தரை கருப்பா இருக்கணும். இன்னிக்கு ராயபுரம்னா அப்படி வேண்டாம். அத்திப்பட்டுப் பக்கம்னா அனல் மின் நிலையத்துச் சாம்பல் நிறம். தூசிக்கும் ஊரும் வருஷமும் உண்டு.

3. பழைய பெயின்ட்டை எடுப்பது (நான் கெடுத்த கதை)

முதல் வண்டியை நான் உருக்கிட்டேன். பெயின்ட் எடுக்கத்தானேன்னு, கார் பெயின்ட்டுக்குப் போடுற என்.சி. தின்னரில் பிளாஸ்டிக் உடம்பை முக்கி வெச்சேன். டீ குடிச்சுட்டு வந்து பார்த்தால் ஜன்னல் எல்லாம் தொங்குது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, மெழுகுவத்தி மாரி உருகி நிக்குது?" அப்பா 26 வருஷம் ஒரு கம்பெனியில் ஸ்பிரே பெயின்டர். திட்டலை. "பெயின்ட்டுக்கு ஏத்த தின்னரான்னு மட்டும் பாத்தா பத்தாதுடா. அதுக்குக் கீழ இருக்குற சாமான் தாங்குமான்னு பாக்கணும்" என்றார்.

பிளாஸ்டிக் மாடல் உடம்பு பெரும்பாலும் ஏ.பி.எஸ். அல்லது பாலிஸ்டைரீன். அசிட்டோனும் என்.சி. தின்னரும் ரெண்டையும் கரைக்கும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பொதுவா பிளாஸ்டிக்கைத் தொடாமல் பெயின்ட்டை மட்டும் இளக்கும். "பொதுவா"ன்னுதான் சொல்றேன். அதனால உடம்பின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க. பிசுபிசுப்பு இல்லைன்னா, கண்ணாடி, லைட், மோட்டார் எல்லாத்தையும் கழட்டிட்டு ஊறப்போடுங்க. அப்புறம் பழைய டூத்பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு, சோப்புத் தண்ணியில் கழுவி, நல்லா காய விடுங்க. அதுக்கப்புறம் வெறுங்கையால தொட வேண்டாம். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. ஆல்கஹால் சட்டுனு தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கமே கொண்டு போகாதீங்க.

4. மாஸ்க்

இதை வேகமா தாண்டிப் போயிடாதீங்க. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கிட்டுத்தான் பூத்துக்குள்ள நின்னாங்களாம். மாஸ்க் ரொம்பப் பின்னாடி வந்தது. இப்பவும் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வீட்டில் யார் முழிச்சிருக்காங்கன்னு இருமல் சத்தத்தை வெச்சே சொல்லிடலாம்.

துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் எல்லாம் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குன்னு கரி நிரப்பின கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இருக்கு. ஏர்பிரஷ் வாங்க காசு சேர்க்கிறவங்க முதல்ல இதை வாங்குங்க. ஹாஸ்டல் ரூமுக்குள்ள ஸ்பிரே அடிக்கவே வேண்டாம்.

5. நிறம் ஏத்துறது

முதல்ல சாம்பல் நிற பிரைமர். மெல்லிசா ரெண்டு கோட். ஸ்பிரே டின்னுன்னா 20 முதல் 25 செ.மீ. தூரம். வண்டிக்கு வெளியே ஆரம்பிச்சு வண்டியைத் தாண்டி நிறுத்துங்க. வண்டி மேலேயே ஆரம்பிச்சா அந்த இடத்தில் குட்டை கட்டும்.

கடலோர ஊர்க்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. லாக்கர் வகை பெயின்ட் காயும்போது சால்வென்ட் வேகமா ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும். காத்தில் ஈரம் நிறைய இருந்தால் அங்கே தண்ணி படிஞ்சு பெயின்ட் வெளுத்துப் பனி பிடிச்ச மாதிரி ஆயிடும். எங்க மாடியில் காலை பத்து மணிக்கு மேல, கடற்காத்து ஏறுவதுக்கு முன்னாடி அடிச்சால் சரியா வருது. மழை நாளில் அடிக்கிறதே இல்லை.

வெளிர் நிறம் முதல்ல, அடர் நிறம் அப்புறம். வாப்-7-க்கு வெள்ளை அடிச்சு, காய்ஞ்சதும் டேப் ஒட்டி மறைச்சு, சிவப்பு. பச்சையில் மஞ்சள் பட்டை போட்ட வாக்-9 சரக்கு இன்ஜின்னா மஞ்சள் முதல்ல. மஞ்சளுக்குக் கீழே இருக்கிறதை மறைக்கிற சக்தி கம்மி. பச்சை மேல அடிச்சா அழுக்கு மஞ்சளாத்தான் தெரியும்.

டேப் ஓரத்தில் பெயின்ட் கசியுறது எல்லாருக்கும் நடக்கும். அதுக்கு ஒரு வழி: டேப் ஒட்டினதும் அதன் ஓரத்தில் முதல்ல கீழே இருக்கிற அதே நிறத்தை லேசா அடிங்க. கசிஞ்சாலும் வெள்ளை மேல வெள்ளைதான் கசியும், இடுக்கும் அடைஞ்சிடும். அதுக்கு மேல சிவப்பு. டேப்பை மேலே தூக்காமல், பின்னால மடிச்சுத் தாழ்வா இழுத்து எடுங்க.

நிஜ வண்டியின் நிறத்தை அப்படியே அடிச்சால் மாடல் அடர்த்தியா தெரியும். தூரத்தில் இருக்கும் பொருள் காத்து வழியா வெளிறித் தெரியும் இல்லையா, அந்த மாதிரி ஒரு சொட்டு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் கலந்துக்கங்க.

6. கைப்பிடி, நம்பர்

கைப்பிடிக்குக் கிடாரின் மெல்லிய முதல் கம்பி, 0.25 மி.மீ. நிஜத்தில் 22 மி.மீ. கம்பிக்குச் சமம். வளைக்கக் கஷ்டமா இருந்தால் பழைய மோட்டாரில் சுத்தின செம்புக் கம்பி. 0.4 மி.மீ. டிரில்லைக் கையாலேயே சுத்தி ஓட்டை போடுங்க. மெஷின் வெச்சால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும்.

நம்பருக்கு வாட்டர் டெக்கால். ஒட்டும் முன் அந்த இடத்தில் கிளாஸ் வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான தரையில் ஒட்டினால் அடியில் காத்து மாட்டி வெள்ளி மாதிரி மினுக்கும். எழுத்துக்கும் அர்த்தம் உண்டு: டபிள்யூ என்றால் பிராட் கேஜ், ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், பி என்றால் பயணிகள், ஜி என்றால் சரக்கு. வாப்-7 நம்பர்கள் பல 30-இல் ஆரம்பிக்கும். போட்டோவில் பார்த்த ஒரு நிஜ வண்டியின் நம்பரையே போடுங்க.

7. அழுக்கு ஏத்துறது

பழுப்பு, கருப்பு சாக் பீஸைச் சுரண்டித் தூளாக்கி, மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால மேலிருந்து கீழா தடவுங்க. மழை எப்படி இறங்குமோ அந்தத் திசையில். அப்புறம் மேட் வார்னிஷ். வார்னிஷ் பட்டதும் பாதித் தூள் காணாமல் போகும், பயப்படாதீங்க, இன்னொரு தடவை ஏத்தலாம். ஒண்ணு மட்டும் கவனம். தண்டவாளத்தில் வர்ற 12 வோல்ட் சக்கரம் வழியாத்தான் மோட்டாருக்குப் போகுது. சக்கரத்தின் ஓடுற விளிம்பில் தூளோ வார்னிஷோ பட்டால் வண்டி நின்னுடும்.

8. சுத்தி இருக்கிற ஊர்

தண்டவாள ஜல்லி நிஜத்தில் அதிகபட்சம் 65 மி.மீ. அளவு. மாடலில் 0.75 மி.மீ. எம்-சாண்டைச் சலிச்சால் கிடைக்கும். கடல் மணல் வேண்டாம். உப்பு தண்டவாளத்தை அரிக்கும். அதோட கருமணல் துகள் காந்தத்தில் ஒட்டும், மோட்டாருக்குள்ள போய்ச் சிக்கினால் கதை முடிஞ்சது. எந்த மணலா இருந்தாலும் முதல்ல ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்க. பரப்பின பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூணு பங்கு தண்ணி, கூட ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். அது தண்ணியின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். இல்லைன்னா பசை முத்து முத்தா உருண்டு மணலைத் தூக்கிக்கிட்டுப் போகும்.

எங்க கடற்கரையில் அலை தடுக்கப் போட்ட பாறைகளுக்கு வீடு கட்டுற 12 மி.மீ. ஜல்லியே போதும், நிஜத்தில் ஒரு மீட்டர் பாறை. சீமைக் கருவேலத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கிக் கிளை பண்ணி, பஞ்சுத் துண்டை மிக்ஸியில் அரைச்சு பச்சை ஏத்தி ஒட்டலாம் (அம்மா மிக்ஸி வேண்டாம், நான் அனுபவப்பட்டவன்). தீப்பெட்டித் தொழிற்சாலையின் பேரையே ஸ்டேஷனுக்கு வெச்ச ஊர் நம்மது. விம்கோ நகர் காட்சியில் அடுக்கி வெச்ச பழைய மரச் ஸ்லீப்பருக்குத் தீக்குச்சியையே வெட்டி வெச்சேன். கட்டடம் செய்ய ஆசைன்னா 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் இருக்கு. சிவப்புச் சுவர், வரிசையா தூண்கள், ஒரு செமஸ்டர் லீவுக்குச் சரியான வேலை.

கடைசியா

ஏழு மாசத்துக்கு அப்புறம் எல்லாம் முடிஞ்சும் ஷெட் பேர் மட்டும் பாக்கி. டெக்கால் ரெண்டு தடவை கிழிஞ்சுபோச்சு. எங்க ஊர் ராயல் என்ஃபீல்டு ஆலையில் பெட்ரோல் டாங்க் மேல தங்கக் கோட்டைக் கையாலேயே இழுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த மாதிரி நீள மயிர் பிரஷ் ஒண்ணு அப்பா பெட்டியில் கிடந்தது. "குடு இங்க" என்றார். இருமல் அடங்கும் வரைக்கும் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடிச்சுக் காத்திருந்தார். அப்புறம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா வெச்சார். ராயபுரம். எழுத்தின் உயரம் 2 மில்லிமீட்டர்.

இந்த வருஷ ஃபெஸ்ட்டுக்கு அந்த ஜூனியர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், தாத்தாவைக் கூட்டிட்டு வரச் சொல்லி. நீங்களும் வாங்க. வரும்போது உங்க ஊர் ஸ்டேஷனில் நீங்களே எடுத்த ஒரு வண்டியின் போட்டோ கொண்டு வாங்க. அதில் இருந்து ஆரம்பிப்போம்.