கரும்புச் சோகைப் புகையும் இருதய, சிறுநீரக வியாதிகளும்

கரும்பை வெட்டி ஆலைக்கு ஏற்றியனுப்பியபின், வயலில் பரந்து கிடக்கும் சோகைக்குத் தீ வைத்துவிடுவது நமது குடியானவர்களிடையே நெடுநாளாக வேரூன்றிய வழக்கமாகும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், ஈரோடு முதலிய கரும்பு ஜில்லாக்களில் அரவைக் காலத்தில் மாலை வேளையில் பிரயாணம் செய்வோர் இத்தீயைக் காணாமல் திரும்புவதரிது. இப்புகையால் கண் எரியும், இருமல் வரும், மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால், புகை நுரையீரலோடு நிற்பதில்லை என்பதும், அது ரத்தத்தின் வழியே இருதயத்தையும், குண்டிக்காய் என்று நம்மவர் வழங்கும் சிறுநீரகத்தையும் சென்று தாக்குகிறதென்பதும் சென்ற முப்பது ஆண்டுகளுக்குள் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாகியிருக்கின்றன. அது எவ்வாறு நிகழ்கிறதென்பதை முதலிலும், சோகையை எரிக்காமல் என்ன செய்யலாம் என்பதைப் பின்னரும் இங்கு கூறுவோம்.

புகையில் கண்ணுக்குப் புலப்படும் கரி கையிலும் துணியிலும் படிவது. மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியுடன் வெளியேறிவிடுவது. கெடுதலில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத நுண்துகளினால் விளைகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள்களையே ஆராய்ச்சியாளர் முக்கியமாக அளக்கின்றனர். தலைமயிரின் கனத்தில் இது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயாகும். இத்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை தடையின்றிச் செல்லும். அவ்வறைக்கும் ரத்தக் குழாய்க்கும் இடையேயுள்ள சவ்வு மிகமிக மெல்லியது. துகள்களில் மிகச் சிறியவை அதனையும் கடந்துவிடுகின்றன.

இதனை எவ்வாறு அறிந்தனர் என்ற கேள்வி எழுவது நியாயமே. ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், புகைத்துகளை ரத்தத்தில் இனங்காண்பது கடினமாகையால், அதனையொத்த அளவுள்ள தங்கத் துகளைச் செய்து, சுகதேகிகளான சிலரைச் சுவாசிக்கச் செய்தனர். தங்கம் மனிதர் உடலில் இயல்பாக இருப்பதன்று. ஆகவே எங்கு காணப்பட்டாலும் அது சுவாசத்தின் வழியே வந்ததென்பது நிச்சயம். ஒரு நாளைக்குள் அத்தங்கம் ரத்தத்திலும் சிறுநீரிலும் காணப்பட்டது. மூன்று மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது முற்றும் நீங்கவில்லை. ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்திருந்த நோயாளிகளிடம் அப்படிவிலேயே தங்கம் சேர்ந்திருந்தது. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சி நம் விஷயத்திற்கு இருவகையில் முக்கியமானது. நோயுற்ற குழாயைத் தேடிச் சென்றாற்போல் துகள் அங்கு தங்குகிறது; சிறுநீரில் காணப்பட்டதால் அது சிறுநீரகத்தின் வழியே சென்றிருக்கிறதென்பதும் விளங்குகிறது.

இனி இருதயத்தைக் கவனிப்போம். துகள் நுரையீரலில் உண்டாக்கும் அழற்சி ரத்தத்திலும் பரவி, ரத்தம் உறையும் தன்மையை அதிகப்படுத்துகிறது. குழாய்கள் விரிந்து கொடுக்கும் குணம் குறைந்து, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. இருதயத் துடிப்பை ஒழுங்கு செய்யும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. போதாக்குறைக்கு, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் ரத்தச் சிவப்பணுவோடு சேர்ந்துகொள்ளுவதால், உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. குழாய் ஏற்கெனவே அடைபட்டுள்ள ஒருவருக்கு இவையனைத்தும் ஒரே நாளில் சேர்ந்தால் மாரடைப்போ பக்கவாதமோ நேரிடுவதில் வியப்பில்லை. சில மணி நேரப் புகையும் மாரடைப்புக்குத் தூண்டுகோலாகக் கூடுமென்றும், ஆண்டுக் கணக்கில் சுவாசிப்பது ஆயுளைக் குறைக்குமென்றும் அமெரிக்க இருதய சங்கம் 2010-ஆம் ஆண்டில் அறுதியிட்டுரைத்தது.

1952-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டன் மாநகரில் நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து ஐந்து நாட்கள் தரையோடு தங்கின. வழக்கத்திற்கு மேற்பட்டு 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டனர். உண்மைத் தொகை ஏறத்தாழ 12,000 இருக்கலாமென்று பின்னர் ஆராய்ந்தோர் கருதுகின்றனர். இவர்களுள் இருதய நோயாளிகளும் பலர். இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. 2008-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்காகச் சீன சர்க்கார் பெய்ஜிங் நகரில் ஆலைகளையும் மோட்டார் வண்டிகளையும் கட்டுப்படுத்தியபோது, இளவயதுடைய 125 சுகதேகிகளின் ரத்தத்தைச் சோதித்து வந்தனர். காற்று சுத்தமான சில வாரங்களுக்குள் ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் குறிகளுள் சில குறைந்தன. பந்தயம் முடிந்து புகை திரும்பியதும் அவை மீண்டும் உயரத் தொடங்கின. புகை குறைந்தால் பலன் உடனே உண்டென்பதற்கு இது நல்ல சான்று.

சிறுநீரகத்தின் கதை வேறு விதமானது. இருதயத்தைப் போல் அது அபாய அறிவிப்புக் கொடுப்பதில்லை. இருதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவ்விரு சிறு உறுப்புகளுக்கே செல்கிறது. அங்கே நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிக்கப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற, எஞ்சியதெல்லாம் ரத்தத்திற்கே திரும்புகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. பெரிய வாய்க்காலில் நீர் மட்டம் அளவுக்கு மீறினால் கடைமடைக் கண்ணாறுகளின் கரை முதலில் அரிக்கப்படுவதுபோல, ரத்தக் கொதிப்பு ஏறுங்கால் முதலில் சிதைவன இம்மெல்லிய குழாய்களே. வண்டல் வேறு படிந்தால் கேட்பானேன்! புகையானது கொதிப்பையும் ஏற்றி, அழற்சியையும் உண்டாக்குவதால் இரு வழியாகவும் கெடுதல் செய்கிறது. வடிகட்டிகளில் ஒரு பகுதி அழிந்தாலும் மற்றவை அவ்வேலையையும் சேர்த்துச் செய்வதால் மனிதனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கால் வீங்கி, முகம் ஊதி, பசி மந்தித்து வைத்தியரிடம் செல்லுங்கால் பெரும்பகுதி அழிந்திருக்கும். அழிந்த வடிகட்டி மீண்டும் முளைப்பதில்லை.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் ஏறத்தாழ 25 லட்சம் பேரை எட்டாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 2018-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. காற்றில் நுண்துகள் மிகுந்த பகுதிகளில் வசித்தோரிடம் சிறுநீரகச் சக்தி விரைவாகக் குறைந்ததும், அது முற்றும் செயலிழந்தோர் அதிகமாயிருந்ததும் அதில் கண்டறியப்பட்டன. சீனாவில் சிறுநீரகத் திசுவைச் சிறிதளவு எடுத்துச் சோதித்த 71,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை 2016-ஆம் ஆண்டில் ஆராய்ந்ததில், வடிகட்டிச் சவ்வு தடித்து, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோய் புகை மிகுந்த நகரங்களில் பெருகி வந்தது புலப்பட்டது. இவை ஊருக்கு ஊர் ஒப்பிட்டுச் செய்த கணக்குகளாகையால், தனி ஒருவருக்கு வந்த நோய் புகையினால்தான் வந்ததென்று இவற்றைக்கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. நீரிழிவும் ரத்தக் கொதிப்புமே இன்றும் சிறுநீரக நாசத்திற்கு முதற்காரணங்கள். அவ்விரண்டில் ஒன்று உள்ளவருக்குப் புகை மற்றொரு சுமையாகிறது என்று கொள்வதே சரியான நிலை.

கரும்புச் சாகுபடி செய்வோர் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகராகுவா தேசங்களின் கரும்பு வெட்டும் தொழிலாளருள், நீரிழிவோ கொதிப்போ இல்லாத வாலிபர் பலர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அங்கு வெட்டுக்கு முன் வயலைக் கொளுத்திவிட்டு, சாம்பலின் நடுவே கடும் வெயிலில் வெட்டுவது வழக்கம். தண்ணீரும் நிழலும் ஓய்வுமின்றி உழைப்பதே முக்கிய காரணமென்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். கரும்புச் சாம்பலிலுள்ள நுண்ணிய சிலிகாத் துகளையும் சில ஆராய்ச்சியாளர் சந்தேகித்துச் சோதித்து வருகின்றனர். எக்காரணமாயினும், நண்பகல் வெயிலில் தாகத்தோடு நின்று தீயைக் காத்து நிற்கும் நமது கூலியாளுக்கு இரண்டும் சேர்ந்தே கிட்டுகின்றன. உடல் வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும் சிறுநீரகத்திற்கு ஆகாதென்பதை இங்கேயே சொல்லிவைப்பது நலம்.

வயற்புகை ஆண்டுக்குச் சில நாள். அடுப்புப் புகையோ நாள்தோறும். சோளத்தட்டை, முள் விறகு, வறட்டி இவற்றை மூடிய சமையலறையில் எரிக்கும் வீட்டுப் பெண்டிர் சுவாசிக்கும் துகள் எந்தப் பட்டணத்துத் தெருவிற்கும் குறைந்ததன்று. விழுப்புரம், நாகப்பட்டினம் ஜில்லாக்களையும், குவாதிமாலா, பெரு, ருவாண்டா தேசங்களையும் சேர்த்து நடத்திய சோதனையொன்றின் முடிவு 2022-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விறகடுப்பிலேயே சமைத்த கர்ப்பிணிகள் சுவாசித்த காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள் இருக்க, சமையல் வாயு அளிக்கப்பட்டோர் சுவாசித்ததில் 24 அளவே இருந்தது. ஒரு நாள் சராசரி 15-க்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ஆம் ஆண்டில் வகுத்த வரம்பு. நமது தேசத்தில் 2009-ஆம் ஆண்டு விதித்த வரம்பு 60. மேற்படி சோதனையில் பிறந்த குழந்தைகளின் எடை கூடவில்லை என்பதையும் மறைக்கலாகாது. சில மாதத்து மாறுதல் எல்லாப் பலனையும் தந்துவிடுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் புகை மூன்றிலொரு பங்காகக் குறைந்தது கண்கூடு.

இனிச் சோகைக்கு வருவோம். "எரிக்காதே என்று சொல்லுவது எளிது, கூலியை யார் கொடுப்பார்?" என்று குடியானவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. எலி தங்கும், பாம்பு அடையும், கட்டை சீவ இடைஞ்சலாகும், தண்ணீர் பாய்ச்சத் தடுக்கும் என்ற ஆட்சேபங்களும் வெறும் சாக்கல்ல. எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஏக்கருக்கு 3 முதல் 4 டன் வரை சோகை கிடைக்கும். தீ வைத்தால் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு ஆகாயத்திற்குப் போய்விடுகிறது. சாம்பற்சத்து மாத்திரம் மிஞ்சி, அதிலும் ஒரு பகுதி காற்றில் பறக்கிறது. மேல்மண்ணிலுள்ள மக்கும் பொருளும் நுண்ணுயிர்களும் வெந்து போகின்றன. வரப்போரத்து மரங்களும், சில வேளை அடுத்தவர் வெட்டாத கரும்பும் தீக்கிரையாகும் வழக்குகள் நம் கிராம அதிகாரிகள் அறியாததல்ல.

மறுதாம்புப் பயிரில் சோகையை ஒரு பார் விட்டு ஒரு பாரில் ஒதுக்கிப் பரப்பிவிடுக. கட்டை சீவுவதும் உரமிடுவதும் நீர் பாய்ச்சுவதும் வெறும் பாரில் தடையின்றி நடக்கும். மூடிய பாரில் களை அடங்கும். ஈரம் நெடுநாள் நிற்கும். கோடையில் கிணற்றுப் பாசனக்காரருக்கு இதனால் ஒன்றிரண்டு தண்ணீர் மிச்சப்பட்டால் அதுவே கூலிக்கு ஈடாகும். புதுநடவில் நட்ட மூன்றாம் நாள் சோகை மூடாக்கு இட்டால் இளங்குருத்துப் புழுவின் சேதமும் குறையும். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சோகை மக்கத் தொடங்கும் முதற்சில வாரங்களில், அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். அதைக் கண்டு, சோகை பயிருக்கு ஆகாதென்று மறு வருஷம் தீப்பெட்டியை எடுத்தோர் உண்டு. சாணக் கரைசல் தெளித்து, சிறிது யூரியாவையும் சோகையின் மேல் தூவி நீர் பாய்ச்சினால் இக்குறை நீங்கும். ஆள் கிடைக்காத இடங்களில் டிராக்டரில் பூட்டிச் சோகையைத் தூளாக்கும் கருவியை ஊரார் சிலர் கூடி வாடகைக்கு அமர்த்துவது உத்தமம். ஒரு தனிக் குடியானவர் ஒரு ஏக்கருக்காக அதனை வரவழைத்தால் கட்டாது.

வெல்லம் காய்ச்சும் கொட்டகை வைத்திருப்போர் சக்கையை நன்கு உலர்த்தியே அடுப்பிலிடுக. ஈரச் சக்கை உஷ்ணம் குறைந்து புகை மிகும். டயரும் பிளாஸ்டிக்கும் எக்காரணத்தாலும் இடலாகாது. புகைபோக்கி கூரைக்கு மேல் போதிய உயரம் நிற்கவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் சில வார்த்தை. பனிக்காலத்து மாலையில் வைத்த தீயின் புகை மேலெழாமல் இரவு முழுவதும் ஊரின்மேல் படிந்து நிற்கும். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் எரித்த குப்பையின் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்கமுடியாமல் வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன. விமான நிலையத்திற்கே அக்கதியானால், ஓட்டுக்கூரையின் கீழ் படுத்திருக்கும் இருதய நோயாளியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் எரிபொருளல்லாதவற்றை எரிப்பதைத் தடை செய்ய மாநில சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் கிராமத்தில் சட்டத்தைக் காட்டிலும் பேச்சே பலிக்கும். அரவை தொடங்குமுன் எந்தெந்த வயல் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அடுத்திருக்கிறதென்று ஒரு ஜாப்தா எழுதி, முதலில் அந்நிலத்துக்காரர்களுக்குத் தூளாக்கும் கருவி கிடைக்க ஏற்பாடு செய்தால் கெடுதலில் பெரும்பகுதி நீங்கும்.

அக்கம்பக்கத்தில் தீ வைக்கப்பட்டுவிட்டால், முதியோர், கர்ப்பிணிகள், இருதய நோய், நீரிழிவு, கொதிப்பு உள்ளோர் ஆகியோரைப் புகை வரும் திசையிலிருந்து அப்புறப்படுத்துக. முகத்தில் ஈரத் துண்டு கட்டுவதால் நுண்துகள் தடைபடாது. என்-95 எனும் முகமூடி இறுகப் பொருந்தினால் தடுக்கும். நெஞ்சில் பாரமோ, இடது கையில் பரவும் வலியோ, திடீர் மூச்சுத் திணறலோ கண்டால் வாயுக் கோளாறென்று கஷாயம் வைத்துக் கொண்டிராமல் 108 வண்டியை அழைக்கவேண்டும். நாற்பது வயது கடந்த குடியானவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ளுக. சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால் வருஷம் திரும்பும்வரை காத்திராமல் உடனே காட்டுக.