பந்துப் பொறியும் மின்வழியும்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரம் பின்பால் என்னும் விளையாட்டுப் பொறிக்குப் பெயர் பெற்றது. கண்ணாடி மூடிய சாய்ந்த பெட்டிக்குள் எஃகுக் குண்டு உருண்டோடும். ஆடுபவர் பொத்தான்களை அழுத்தி, ‘பிலிப்பர்’ என்னும் தட்டுகைகளால் அதனை மேலே அடிப்பார். 1931-இல் வந்த ‘பாபிள் பால்’ என்னும் பொறிக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. 1933-இல் ஹாரி வில்லியம்ஸ் அமைத்த ‘காண்டாக்ட்’ என்ற பொறியோ மின்கல விசையால், குழியில் விழுந்த குண்டை உதைத்து வெளியே தள்ளிற்று! தட்டுகைகள் வந்தது 1947-இல்தான்.

அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1990-களில் செய்த பொறிகள் இன்று பலர் வீடுகளில் உள்ளன. உரிமையாளர்கள் அவற்றில் புதிய விளக்குகளையும் சுழலும் பொம்மைகளையும் பொருத்தி மகிழ்கின்றனர். அவற்றிற்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? அந்நிறுவனம் 1999-இல் பின்பால் தொழிலைக் கைவிட்டுவிட்டது. ஆதலால் பழைய மின்பலகை ஒன்று கருகினால் இழப்புப் பெரிது.

இப்பொறியின் வயிற்றுக்குள் பலவகை மின்னழுத்தங்கள் உள்ளன. தட்டுகைச் சுருள்களுக்கு 50 வோல்ட்டும் அதற்கு மேலும் வேண்டும். அதன் அருகே செல்லாதிருப்பதே நன்று. கணிப்பொறிப் பகுதிக்கு 5 வோல்ட். இது சிறிதே தாழ்ந்தாலும் பொறி ஆட்டத்தை நடுவிலே நிறுத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்கும். பழைய பொறிகளில் இக்குறை முன்னரே உண்டு. அதன்மேல் புதுச் சுமை ஏற்றுவானேன்?

கைக்கு எளிதாக எட்டுவது, பொது விளக்குகளுக்குரிய 6.3 வோல்ட் மாறுமின்சாரம். 44-ஆம் எண் பல்பு ஒன்று 0.25 ஆம்பியர் கொள்ளும். ஒரு கிளையில் 18 பல்புகள் எரிவதாகக் கொள்வோம், 4.5 ஆம்பியர் ஆயிற்று. மேலும் நான்கைச் சேர்த்தால் 5.5 ஆம்பியர். கிளையின் உருகியோ 5 ஆம்பியருக்கே உரியது. உருகி அறுந்ததும் சிலர் அதனினும் தடித்த உருகியை இடுவர். மாணவர்களே, அப்போது உருகிக்கு மாறாக இணைப்பு முனையன்றோ சூடேறிக் கருகும்? அன்றியும், ஆட்டத்தின் போக்கிற்கேற்பப் பொறியே இவ்விளக்குகளை மங்கச் செய்வதுண்டு. உடன் இணைத்த புதிய விளக்கும் மங்கும். பழைய பல்புகளை நீக்கி எல்.ஈ.டி. விளக்குகளை இட்டவர்க்கு மட்டும் இக்கிளையில் இடம் மிகும். எனினும் மாறுமின்சாரத்தில் அவை துடிப்பது கண்ணை உறுத்தும். ஒருதிசையாக்கி இட்டால் அது குறையும்.

பொம்மை பல வைப்போர்க்கு 12 வோல்ட் தரும் தனி மின்வழங்கியே சிறந்தது என்பது எம் கருத்து. தலா 0.1 ஆம்பியர் கொள்ளும் விளக்குகள் பத்து, 0.5 ஆம்பியர் கொள்ளும் மோட்டார் ஒன்று, ஆக 1.5 ஆம்பியர், அதாவது 18 வாட். மோட்டார் புறப்படும்போது மிகுதியாக இழுக்குமாதலால், 3 ஆம்பியர் வழங்கியைத் தேர்தல் தகும். பொறியின் விளக்கு மின்னும்போது பொம்மையும் இயங்க வேண்டுமாயின், இரண்டிற்கும் நடுவே ரிலே ஒன்று போதும். இரு மின்வழிகளும் கலவா.

தனி வழங்கியை எங்கே செருகுவது? பல பொறிகளின் உள்ளே பழுது பார்ப்போர்க்கென ஒரு செருகிடம் உண்டு. அது பொறியின் சுவிட்சுக்குக் கட்டுப்படாமல் எப்போதும் உயிரோடு இருக்கக்கூடும். ஆகவே சுவிட்சை நிறுத்திப் பார்த்து, அப்போது மின்சாரம் அற்றுப்போகும் இடத்திலேயே வழங்கியை இணைத்தல் வேண்டும். ஆடுதளத்தை மேலே தூக்கிப் பழுது பார்ப்பது வழக்கமாதலின், கம்பிகளை ஒரு முழமேனும் தளர்வாக விட்டுக் கட்டுவர்.