சம்மதிப்பார் என்று நினைத்துத்தான் உடைத்தேன்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறர் பொருளைச் சேதப்படுத்துவோர் மீது 1971ஆம் ஆண்டின் குற்றச் சேதச் சட்டம் பாயும். தப்பிக்க ஒரு வழியை அதன் 5ஆம் பிரிவே வைத்திருக்கிறது.

நம்பிக்கை: உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

உண்மை: வேண்டியதில்லை. விஷயம் தெரிந்திருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்று நேர்மையாக நம்பியிருந்தால் போதும். அந்த நம்பிக்கை நியாயமானதா என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை. நண்பரின் வீட்டைத் தன் வீடுபோல் பயன்படுத்த அனுமதி பெற்றிருந்த ஒரு பெண், ஓரிரவு குடிபோதையில் அதே மாதிரி இருந்த வேறு வீட்டுக்குப் போய், ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தார். கீழ்நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. இத்தகைய குற்றங்களுக்குப் போதை பொதுவாகச் சாக்காகாது. ஆனால் இந்தப் பிரிவு பார்ப்பது நம்பிக்கையை மட்டுமே. அது போதையில் பிறந்ததானாலும் சரி. கண்ணாடியைப் பறிகொடுத்தவருக்கு இந்தத் தர்க்கம் எப்படி இனித்திருக்கும்!

நம்பிக்கை: காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தச் சொன்ன முதலாளியின் சம்மதம் செல்லாது.

உண்மை: அப்படித்தான் பஞ்சாலை ஊழியர் ஒருவர் தீ வைத்தார். தீவைப்புக் குற்றத்திலிருந்து 1981இல் மேல்முறையீட்டில் தப்பினார். நோக்கம் மோசடி என்பதால் மட்டும் சம்மதம் சம்மதமில்லாமல் போகாது. மோசடி வேறு குற்றம்.

நம்பிக்கை: நல்ல காரணம் இருந்தால் சம்மதமும் இருந்ததாகக் கொள்ளலாம்.

உண்மை: வளைகுடாப் போரை எதிர்த்து, நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு தூணில் பைபிள் வசனம் எழுதிய பாதிரியார், கடவுள் சம்மதித்தார் என்றார். சட்டம் சொல்லும் ‘சம்மதிக்க உரிமையுள்ள நபர்’ கடவுள் அல்ல என்றது நீதிமன்றம்.

பிரிஸ்டலில் 2020இல் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையைச் சாய்த்த வழக்கைத்தான் பலரும் எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். சிலைக்குச் சொந்தக்காரர்கள் நகர மக்களே, அவர்கள் சம்மதித்திருப்பார்கள் என்பது அங்கே வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. 2022 ஜனவரியில் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரும் விடுதலையானார்கள். ஆனால் ஜூரி காரணம் சொல்வதில்லை. இந்த வாதம்தான் வென்றது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பிறகு 2024 மார்ச்சில், காலநிலைப் போராட்ட வழக்கொன்றையொட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் கதவைப் பாதிக்குமேல் சாத்தியது: சேதத்தையும் அதன் சூழ்நிலையையும் அறிந்திருந்தால் உரிமையாளர் சம்மதித்திருப்பார் என்று நம்பியதாகச் சொல்லலாம், போராட்டக் கொள்கையின் நியாயமோ அவசரமோ அந்தச் சூழ்நிலையில் சேராது.