அமைதியான ஓடை பேசுகிறது

வாசகரே, ஜோன் கொன்ஸ்டபிள் 1821இல் தீட்டிய ‘புல் வண்டி’ ஓவியத்தைச் சற்று நின்று பாருங்கள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஆழமற்ற ஓடையில் இறங்கிய வெறும் வண்டி. கரையில் ஒரு நாய். எங்கும் அமைதி! நாயின் பார்வை வண்டியைக் காட்டும். வண்டியோ தூரத்து வயலுக்கு நம் கண்ணை இழுக்கும். அங்கே சிறு புள்ளிகளாய்த் தொழிலாளர் புல் ஏற்றுகின்றனர். ஓவியர் முதலில் இட்ட பெயர் ‘நிலக்காட்சி: நண்பகல்’. அரைநாள் வேலை இன்னும் மீதி!

அடுத்த ஆண்டே, 1822இல், சஃபோக்கின் பண்ணைக் கூலியாட்கள் வறுமை தாளாது கிளர்ந்தெழுந்தனர். கொன்ஸ்டபிளோ தாம் பிறந்த மண்ணை இலண்டனில் இருந்துகொண்டு தீட்டினார். எனவே, இவ்வமைதியை ஊரின் முழு வரலாறாகக் கொள்ளலாகாது. அது பிரிந்திருப்பவரின் ஏக்கம். ஓடையின் அழகை இரசியுங்கள். அச்சிறு புள்ளிகளையும் மறவாதீர்கள்.