ஆய்வும் அறிவிப்பும்: நம் கண்முன் நடந்த மூன்று பாடங்கள்

ஓர் ஆய்வு எப்போது நிறைவு பெறுகிறது? பரிசோதனை முடிந்ததும் என்று சிலர் சொல்வார்கள். கட்டுரை ஆய்விதழில் வெளியானதும் என்று வேறு சிலர் சொல்வார்கள். ஆய்வுகூடத்தின் கணக்கில் அது சரிதான். ஆனால் மழை, ஆறு, குப்பை, நோய், மரணம் என்று மக்களின் உயிரோடும் உரிமையோடும் தொடர்புபட்ட விடயங்களில் அந்தக் கணக்கு போதாது. அறியப்பட்ட உண்மை, அதை வைத்து முடிவெடுக்க வேண்டியவரிடம் அவருக்குப் புரியும்படி போய்ச் சேரும்வரை ஆய்வு பாதி வழியில்தான் நிற்கிறது.

அந்த மீதி வழியைக் கடப்பது எப்படி? ஒரு விஞ்ஞானச் செய்தியைக் கேட்கும் எவருடைய மனதிலும் மூன்று கேள்விகள் எழுகின்றன. இதனால் எனக்கு என்ன? இது எவ்வளவு உறுதி? இனி யார், எப்போது, என்ன செய்ய வேண்டும்? வீட்டில் இருக்கும் உம்மாவும் இதைத்தான் கேட்கிறார். அமைச்சில் இருக்கும் செயலாளரும் இதைத்தான் கேட்கிறார். இம்மூன்று கேள்விகளையும் நம் ஊரிலும் நாட்டிலும் அண்மைக் காலத்தில் நடந்தவற்றை வைத்தே படிப்போம்.

1. இதனால் எனக்கு என்ன?

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது, கொழும்பு மாவட்டத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கொலன்னாவையும் ஒன்று. இத்தகைய நாட்களில் வானொலியிலும் தொலைபேசியிலும் அடிக்கடி வரும் பெயர் நாகலகம் வீதி. அங்கே ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் நிலையம் இருக்கிறது. நீர்மட்டம் 5 அடியை எட்டினால் சிறு வெள்ளம் என்றும், 7 அடியை எட்டினால் பெருவெள்ளம் என்றும் நீர்ப்பாசனத் திணைக்களம் கணிக்கிறது.

இப்போது ஒரு வீட்டில் இந்தச் செய்தி வந்து சேர்கிறது என்று வையுங்கள்: "நாகலகம் வீதி நீர்மட்டம் 6 அடி." இலக்கம் சரியானது. ஆனால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? ஒருவர் தம் வீதியில் ஆறடித் தண்ணீர் வரும் என்று பயப்படுவார். இன்னொருவர் நாகலகம் வீதி எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று படுத்துவிடுவார். அந்த 6 அடி ஆற்றின் அளவுகோலில் காட்டும் உயரம். எந்த வீட்டு வாசலிலும் நிற்கும் நீரின் ஆழத்தை அது குறிப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், சரியான இலக்கமே பிழையான முடிவுக்குக் காரணமாகிவிடும்.

மக்கள் அறியாத இன்னொன்றும் உண்டு. கொழும்பில் மழை விட்டு வெயில் எறித்த பின்னரும் ஆறு உயரலாம். கித்துல்கலை போன்ற மலைப்பகுதிகளில் பெய்த மழை, ஹங்வெல்லையைக் கடந்து நம் பக்கம் வந்து சேர நேரம் எடுக்கும். மேலே நீர்மட்டம் உயர்வதற்கும் இங்கே உயர்வதற்கும் இடைப்பட்ட அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். விஞ்ஞானம் நமக்குத் தருகின்ற மிகப் பெரிய உதவியும் அதுவே.

அதே செய்தியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "களனி கங்கை சிறு வெள்ள மட்டத்தைத் தாண்டிவிட்டது. ஹங்வெல்லையில் இன்னும் உயர்கிறது. இங்கே மழை நின்றாலும் இன்றிரவு ஆறு ஏறும். 2016இல் தண்ணீர் வந்த வீடுகளில் இருப்போர் மஃரிபுக்கு முன் முதியவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுப் பகுதிக்கு அனுப்பிவிடுங்கள். மருந்து, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்." இதில் புதிய ஆய்வு எதுவும் இல்லை. இருந்த ஆய்வு வீட்டின் மொழிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கேட்பவர் ஏற்கனவே அறிந்த ஒன்றோடு, அதாவது 2016 வெள்ளத்தோடு, புதிய இலக்கத்தை இணைத்ததால் அது விளங்குகிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை இவ்வாறுதான் படிப்படியாக அமைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் தயார்நிலை. 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற்றம். மில்லிமீற்றர் என்னும் அளவு இங்கே ஒரு செயலாக மாறிவிடுகிறது. அந்தச் செயலைச் சொல்லும் சொல், கேட்பவரின் தாய்மொழியிலும் அதே நேரத்தில் வந்து சேர வேண்டும். சிங்களத்தில் மாலையிலும் தமிழில் மறுநாளும் வரும் எச்சரிக்கை, தமிழ் மட்டும் அறிந்தவருக்கு எச்சரிக்கையே அல்ல.

2. இது எவ்வளவு உறுதி?

விஞ்ஞானிகள் எதையும் நூறு வீதம் என்று சொல்லத் தயங்குவார்கள். அது அவர்களுடைய நேர்மை. ஆனால் அந்த நேர்மையான தயக்கம், கேட்பவரிடம் சந்தேகமாகப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்? நம் சமூகம் அதை மிகுந்த வேதனையோடு அனுபவித்திருக்கிறது.

கொவிட்-19 பரவத் தொடங்கிய 2020 மார்ச்சிலேயே, அந்நோயால் இறந்தவர்களின் உடலை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருந்தது. எனினும் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் ஜனாஸாவும் தகனம் செய்யப்பட்டபோது, பொரளை கனத்தையின் வாயிலில் எல்லாச் சமூகத்தவரும் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரத்தைத் தெரிவித்தனர்.

விவாதம் எங்கே சிக்கியது என்று பாருங்கள். "அடக்கம் செய்வதால் நோய் பரவியதற்குச் சான்று இல்லை" என்றனர் நிபுணர்கள். "பரவவே பரவாது என்று நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டனர் மறுத்தவர்கள். இவ்விரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. உலகில் எதுவுமே ஒருபோதும் நடக்காது என்று எந்த விஞ்ஞானியாலும் நிரூபிக்க முடியாது. அதைச் சான்றின்மை என்று எடுத்துக்கொண்டால் எந்த அச்சத்தையும் சட்டமாக்கிவிடலாம்.

இதற்கு நல்ல பதில் சொன்னவர்களில் ஒருவர் பேராசிரியர் மலிக் பீரிஸ். இலங்கையில் பிறந்து ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வைரஸ் இயல் நிபுணர் அவர். 2003இல் சார்ஸ் நோயின் கிருமியை இனங்கண்ட ஆய்வில் முன்னின்றவர். அவர் சொன்ன முறையைக் கவனியுங்கள். இந்நோய் நீரால் பரவும் நோயல்ல. வைரஸ் உயிருள்ள உடலில் மட்டுமே பெருகும். மனிதர் இறந்தபின் அதன் பெருக்கமும் குறைந்துபோகும். எவரையும் ஓடும் நீரில் புதைப்பதில்லை. நீர் புகாத உறையிட்டு ஆறடி ஆழத்தில் அடக்கினால் நீர் மாசுபடுவதற்கான வாய்ப்பு மிக அரிது. "அரிது" என்ற நேர்மையான சொல்லை அவர் விடவில்லை. ஆனால் அது ஏன் அரிது என்பதைச் சாதாரண மனிதரும் பின்தொடரக்கூடிய படிகளாக வைத்தார். கேட்பவர் அவரை நம்பியாக வேண்டியதில்லை. காரணங்களைத் தாமே எடைபோடலாம்.

2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவ நிபுணர்கள் கல்லூரியும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று வெளிப்படையாக அறிவித்தன. தனிக் குரல்கள் ஒரு துறையின் கூட்டுக் குரலாயின. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நன்றாகச் சொன்னதால் மட்டுமே இது நடந்தது என்று கொள்ளக்கூடாது. அரசியலும், உலக நாடுகளின் அழுத்தமும், மக்களின் பொறுமையான போராட்டமும் அதில் இருந்தன. ஆனால் தெளிவாகச் சொல்லப்பட்ட விஞ்ஞானம் இல்லாதிருந்தால், அந்தப் போராட்டத்துக்குக் கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இருந்திராது.

உறுதியின் அளவைச் சொல்வது நமக்குப் புதிய கலையல்ல. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் அறிவிப்பாளர் தொடர் ஆராயப்படுகிறது; அதற்கேற்ப ஸஹீஹ், ஹஸன், ழயீப் என்று தரம் பிரிக்கப்படுகிறது. எல்லாச் செய்தியும் ஒரே எடை உடையதல்ல என்பதை இஸ்லாம் பாடத்திலேயே நாம் படிக்கிறோம். விஞ்ஞானச் செய்திக்கும் அதே ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்போம்: இது பலமுறை உறுதியானது, இது ஓர் ஆய்வில் மட்டும் கண்டது, இது வெறும் ஊகம் என்று பிரித்துச் சொல்வோம். வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புமுன் அறிவிப்பாளர் யார் என்று கேட்கும் பழக்கமும் இதிலிருந்தே வரும்.

3. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும்?

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். நம் கொலன்னாவையின் மீத்தொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

குப்பை மேடு சரியும் என்பது விஞ்ஞானத்துக்குத் தெரியாத ஒன்றா? இல்லை. மழைநீர் குப்பைக்குள் ஊறும்போது மேட்டின் பாரம் கூடுகிறது. உள்ளே தேங்கும் நீரின் அழுத்தம், குப்பையின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் உராய்வைக் குறைக்கிறது. அடியில் இருப்பது சதுப்பான மென்னிலம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 2000 ஜூலையில் பிலிப்பைன்ஸின் பயாட்டாஸில் மழைக்குப் பின் குப்பை மேடு சரிந்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005 பெப்ரவரியில் இந்தோனேசியாவின் பண்டுங் நகரருகே அதே விதமாக 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீத்தொட்டமுல்ல மக்களும் பல ஆண்டுகளாக வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்து வந்தார்கள்.

அறிவு இருந்தது; அச்சமும் இருந்தது. இல்லாமற் போனது ஒரு திகதி, ஒரு பொறுப்பாளர், ஒரு செயல். "இம்மேடு ஆபத்தானது" என்ற வசனத்தில் எழுவாய் மேடுதான். செய்ய வேண்டிய மனிதர் எவரும் அதில் இல்லை. குப்பையைக் கொட்டுவது ஒரு சபை, இடம் இன்னொரு சபையின் எல்லை, வீடுகளுக்குப் பொறுப்பு வேறொரு திணைக்களம் என்றிருக்கும்போது, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது எவருக்கும் சொல்லாததாகிவிடுகிறது.

மலையகத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்ணுக்குள் போன மீரியபெத்தைத் தோட்டத்திலும் இதே துயரம்தான். அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போகச் சொன்னால் போதுமா? தோட்ட லயத்தை விட்டு எங்கே போவது, வேலை என்னாவது என்ற கேள்விக்கு விடை இல்லாத எச்சரிக்கை, கேட்பவரை அதே இடத்தில்தான் விட்டுவைக்கும்.

ஆகவே அதிகாரிகளுக்கு எழுதும்போது ஒழுங்கை மாற்ற வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் அறிமுகம், முறை, பெறுபேறு என்று சென்று முடிவு கடைசியில் வரும். அதிகாரிக்கு எழுதும் ஒரு பக்கத்தில் முடிவு முதல் வரியிலேயே வர வேண்டும். அடுத்து, செய்யாவிட்டால் என்ன நேரும். செய்ய எவ்வளவு செலவாகும். இரண்டு அல்லது மூன்று வழிகள் இருந்தால் அவற்றின் நன்மை தீமைகள். ஆதாரங்கள் கடைசியில் இருக்கட்டும். தேவைப்படுபவர் தேடிப் படிப்பார்.

எழுதிப் பழகுவோம்

இதை இன்றே பழகிப் பார்க்க டெங்கு ஒரு நல்ல பொருள். 2017இல் மட்டும் நம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். ஐந்து மாணவிகள் சேர்ந்து, பெற்றோரின் துணையோடு, தம் ஒழுங்கையில் 50 வீடுகளைப் பார்வையிடுகிறார்கள். 6 வீடுகளில் நுளம்புக் குடம்பிகள் காணப்படுகின்றன என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இந்த ஒரே தரவை மூன்று விதமாக எழுத வேண்டும்.

ஆசிரியைக்கு: எந்த வீடுகளை எப்படித் தெரிந்தீர்கள், குடம்பியை எப்படி இனங்கண்டீர்கள், 12 வீதம் என்பதை எப்படிக் கணித்தீர்கள் என்று எழுதுங்கள்.

அயலவருக்கு: "நம் ஒழுங்கையில் எட்டு வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு வீட்டில் குடம்பி இருக்கிறது. பெரும்பாலும் பூச்சாடித் தட்டிலும் பீலியிலும்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் பத்து நிமிடம் அவற்றைக் கவிழ்த்துத் துடையுங்கள்." எந்த வீடு என்று மட்டும் எழுத வேண்டாம், ஒருவரை வெட்கப்படுத்தும் உண்மை கதவைச் சாத்திவிடும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு: "மழை தொடங்குமுன், இந்த ஒழுங்கையின் பொது வடிகானைத் துப்புரவாக்கித் தருமாறு வேண்டுகிறோம்" என்பது முதல் வரி. எண்ணிக்கையும் படமும் அதன்கீழ். நீங்கள் பார்த்தது 50 வீடுகள் மட்டுமே, ஒரு நாள் மட்டுமே என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதனால் உங்கள் வேண்டுகோள் பலவீனப்படாது. உங்கள் சொல்லை அவர் அடுத்த முறையும் நம்புவார்.

எழுதி முடித்ததும் விஞ்ஞானம் படிக்காத ஒருவரிடம், உம்மம்மாவிடமோ தம்பியிடமோ, வாசித்துக் காட்டுங்கள். "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள்; அன்புக்காக "ஓம்" என்பார்கள். "இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் நினைத்ததோடு பொருந்தினால் செய்தி சேர்ந்துவிட்டது. பொருந்தாவிட்டால் மீண்டும் எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பாடசாலையில் கற்றதை வீட்டில் சொல்ல வரும்போது இரண்டு நிமிடம் காது கொடுங்கள். விளங்காத இடத்தில் தயங்காமல் கேளுங்கள். நாளை ஒரு மருத்துவராக, பொறியியலாளராக, அதிகாரியாக அவள் நாட்டுக்குச் சொல்லப்போவதற்கு அதுவே முதற்பயிற்சி. அறிவு ஓர் அமானிதம். அமானிதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பது பாதிக் கடமை. உரியவரிடம் உரிய நேரத்தில் ஒப்படைப்பதே மீதி.