துருவைத் தேய்த்தேன், எழுத்தை இழந்தேன்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

பழைய போர்வாள்களைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் மதிப்பது இரும்பை அன்று. அதன்மேல் உள்ள எழுத்தையே. இந்த உண்மையை நான் ஒரு பிழையின் வாயிலாகக் கற்றேன்.

காஞ்சியில் எங்கள் வீட்டுப் பரணில், உடைந்த தறிச் சாமான்களுக்கிடையே ஒரு வாள் கிடந்தது. நெசவாளரான என் பாட்டனார் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. கையைக் காக்கும் பித்தளைக் கம்பிகளின் நடுவே ஒரு கிரீடமும், பின்னிய இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதலாமாண்டு விடுமுறையில், துருவைப் பற்றிப் படித்த பெருமிதத்தில், உப்புத்தாளால் அலகைப் பளபளவெனத் தேய்த்துவிட்டேன். தறியிலிருந்து எழுந்து வந்த அப்பா, "அதில் ஏதோ கொடிவேலை இருந்ததே, எங்கேடா?" என்றார். விடையின்றி நின்றேன்.

பின்னர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற்குச் சென்றேன். 1795இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. அருங்காட்சியகம் 1948இல் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்து வாள்களையும் சீருடைகளையும் அங்கே கண்டபின், இதைப்பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன்.

விக்டோரியா அரசியார் ஆண்டது 1837 முதல் 1901 வரை. வாட்பிடியில் காணும் 'வி.ஆர்.' என்பது 'விக்டோரியா ரெஜினா', அதாவது விக்டோரியா அரசி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரிகளின் வாள்களில் அவ்விடத்தில் கிரீடம் ஏந்திய சிங்கம் இருப்பதுண்டு. காலாட்படை அதிகாரிகளின் வாள் 1822இல் வகுக்கப்பட்டது. 1845இல் ஹென்றி வில்கின்சன் வடிவமைத்த உறுதியான அலகு அதில் இடம்பெற்றது. பிற்காலத்தில் சவர அலகுக்குப் பெயர்பெற்ற அதே வில்கின்சன் நிறுவனம், 1854 முதல் தன் வாள்களின் முதுகில் வரிசை எண் பொறித்தது. அதன் பழைய பேரேடுகள் இன்றும் உள்ளன. எண் தெரிந்தால் வாள் செய்த ஆண்டும், பலவேளை முதலில் வாங்கியவர் பெயரும் தெரியும்!

அலகில் கொடியும் எழுத்தும் எப்படி வந்தன? அமிலம் தாக்காத பூச்சைத் தடவி, வேண்டிய இடத்தில் மட்டும் அமிலம் படச் செய்தனர். அமிலம் அரித்த இடம் மங்கும். மற்ற இடம் மின்னும். அரிப்பின் ஆழம் மிகச் சிறிது. ஆகவே உப்புத்தாள் துருவோடு எழுத்தையும் கொண்டுபோகும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "பட்டுச் சேலையில் ஜரிகையை உருவிவிட்டு நூலை மட்டும் வைத்துக்கொண்டால் யார் வாங்குவார்?" என்றார். என் பாடநூல் சொல்லாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பழைய வாளை மெல்லிய துணியால் துடைத்து, சிறிது எண்ணெய் பூசினால் போதும். வியர்வையின் உப்பு துருவை வளர்க்கும். தோலுறை ஈரத்தை ஈர்க்கும். நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்பக் கூடாது.

எங்கள் வாளின் முதுகிலும் சில எண்கள் கண்டதாக நினைவு. அவை எவை என்பது நினைவில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் கிடக்கலாம். தேய்க்குமுன் அதிலுள்ள எழுத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்!