தேன் தராத தேனீக்களுக்காக ஓர் ஆய்வு வாழ்க்கை

தேனீ ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், "எத்தனை பெட்டி வைத்திருக்கிறீர்கள், தேன் கிலோ என்ன விலை?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் ஆய்வோ தேன் தராத தேனீக்களைப் பற்றியது. உலகில் அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். இந்தியாவில் 700-க்கும் மேல். நம் ஊரில் நாம் எடுக்கிற அளவுக்குத் தேன் சேர்ப்பவை மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ எனச் சிலவே. மற்றவை பெரும்பாலும் மண்ணிலோ காய்ந்த குச்சியிலோ தனித்தனியே கூடு கட்டுபவை.

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் நோய் தென்னிந்திய அடுக்குத்தேனீக்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. தேன் குறைந்ததால் அது உடனே வெளியே தெரிந்தது. வரப்பில் வாழும் தேனீ அழிந்தால் கணக்குச் சொல்ல ஆளில்லை. அந்தக் கணக்கை வைப்பதுதான் இந்தத் துறை. இதற்குள் வர நினைக்கும் மாணவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்கிறேன்.

ஒரு பூவிலிருந்து தொடங்குங்கள்

"பூச்சிகளின் பன்மயம்" என்று பெரிய தலைப்பு எடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிப் பூவைப் பாருங்கள். அதன் மகரந்தம் வெளியே உதிர்ந்து கிடக்காது. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வர வேண்டும். நீலப்பட்டைத் தேனீ அந்தப் பூவைக் காலால் இறுகப் பற்றி, உடலை வளைத்து, பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைக்கும். 'விர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி அதன் வயிற்றடியெல்லாம் மகரந்தத் தூள். கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தேனீயும் இதைச் செய்யும். பெட்டித் தேனீக்களால் முடியாது. தக்காளிக்கும் ஆவாரம்பூவுக்கும் இதே ஏற்பாடுதான்.

பூவுக்கு வருவதெல்லாம் மகரந்தச் சேர்க்கை செய்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மொட்டிலேயே வலைப்பை கட்டி, பூத்ததும் திறந்து, ஒரே ஒரு தேனீ வந்துபோனபின் மீண்டும் கட்டிவிடுங்கள். காய் பிடிக்கிறதா என்று பாருங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் செலவில்லாத இந்தச் சோதனையே நல்ல ஆய்வுக் கட்டுரையாகும்.

இனம் காணும் திறமையைக் கைவசமாக்குங்கள்

பிங்காம் 1897-இல் எழுதிய நூலை இந்தியத் தேனீக்களுக்காக இன்றும் புரட்டுகிறோம். உலகத் தேனீக்களைப் பற்றிய மிச்சனரின் பெருநூல் 2000-இல் வந்தது. இரண்டையும் படியுங்கள். ஆனால் இறக்கை நரம்பைப் பார்த்துப் பேரினம் சொல்ல, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்துதான் பழக முடியும். அத்தகையவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. நீங்கள் அந்தத் திறமையைப் பெற்றுவிட்டால் ஆய்வுக்கூடங்கள் உங்களைத் தேடி வரும்.

ஊசி குத்திய ஒவ்வொரு மாதிரிக்கும் இடம், நாள், பூ, சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாத தேனீயால் ஆய்வுக்குப் பயனில்லை. வண்ணக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்தால் சிறிய தேனீக்கள் விழும். கருவண்டு போன்ற பெரியவை அதில் அதிகம் சிக்காது. எனவே கைவலையோடு நடக்கவும் வேண்டும். தேவைக்கு மேல் ஓர் உயிரையும் எடுக்காதீர்கள்.

அனுமதியும் வேலையும்

காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. கோப்பு நகரும் வேகத்துக்குப் பூ காத்திருக்காது. பூக்கும் பருவத்துக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

"காட்டுத் தேனீ ஆய்வாளர் தேவை" என்று விளம்பரம் வருவது அரிது. பூச்சியியல், தாவரவியல், விலங்கியல் என்ற பெயரில்தான் பணியிடம் வரும். அதனால் பாடம் நடத்தவும் புள்ளியியலைச் சொந்தமாகக் கையாளவும் பழகுங்கள். தேனீக்களின் எண்ணிக்கை மழையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். ஓராண்டுத் தரவை வைத்து "அழிகிறது" என்று எழுத முடியாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் இங்கே விடை கிடைக்கும்.

விவசாயியிடம் திரும்பிப் போங்கள்

கொங்குப் பகுதியில் ஒரு பெரியவர் தன் துவரங்காட்டைக் காட்டி, "இலையெல்லாம் வட்ட வட்டமா வெட்டிப் போட்டிருக்குது கண்ணு, என்ன மருந்து அடிக்கட்டும்?" என்றார். "மருந்தே வேண்டாங்கய்யா. கூட்டுக்குள்ள பொதிய இலை வெட்டுற தேனீங்க அது. உங்க துவரைப் பூவுல காய் பிடிக்க வைக்கிறதும் அதுதாங்க" என்று சொல்லி, பூவில் வேலை செய்துகொண்டிருந்த இலைவெட்டித் தேனீயைக் காட்டினேன். அவர் மருந்து அடிக்கவில்லை. ஆங்கில ஆய்விதழில் வரும் கட்டுரை அவர் கைக்குப் போகாது. முடிவுகளைத் தமிழில், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதும் ஆய்வின் பகுதிதான்.

நான் எல்லா ஊரிலும் சொல்வது இவ்வளவுதான்: வரப்பில் கொஞ்சம் மண்ணை உழாமல் விடுங்கள், தும்பையையும் ஆவாரையையும் களை என்று பிடுங்காதீர்கள், மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீக்கள் அடங்கிய பிறகு, மாலையில் அடியுங்கள்.

முதுகலைத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் ஊர்க் கத்தரிக்காட்டில் என்னென்ன தேனீ வருகிறது என்ற பட்டியல் அநேகமாக இன்னும் யாரிடமும் இல்லை. இந்தப் பருவத்திலேயே எழுதத் தொடங்குங்கள்.